தெரியாதக்கா

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த யாரிடம் வேண்டுமானாலும் என் பெரியம்மாவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். தெரியாதக்கா என்று சொன்னால் உடனே முகம் மலரும்.

வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதுதான் அவள் இடம். வெளியூரிலிருந்து வரும் டீச்சர்கள் பள்ளி மொழியில் பாடம் நடத்துவார்கள். பெரியம்மா அதை எங்கள் மொழியில் சொல்லுவாள். நாங்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதையும் எங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதியிருந்தார்கள்.

அவள் வகுப்புக்குள் வந்தது தற்செயல். முதல் நாள் அவளுடைய மகள் கையை விடவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். "அப்ப நீயும் உள்ள வந்து உக்காரும்மா" என்றிருக்கிறார் ஹெட்மாஸ்டர். கொஞ்ச நாளில் மகள் கையை விட்டுவிட்டாள். பெரியம்மாதான் வகுப்பை விடவில்லை.

அவள் அங்கே தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. விடை தெரிந்துகொண்டே ஒருவரிடம் கேள்வி கேட்பது, எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, ஆளை ஆழம் பார்ப்பது. அப்படிக் கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் நாமே நம்மைக் கேலிப்பொருளாக்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். டீச்சர் பலகையில் மூன்று மாடுகளை வரைந்துவிட்டு, "எத்தனை மாடு?" என்று கேட்பார். வகுப்பு மொத்தமும் கல்லாகிவிடும். வரைந்தவருக்கே தெரியாதா என்ன? டீச்சர்கள் இதை மந்தம் என்று நினைத்தார்கள். நினைத்தபடியே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து பலகைக்கு வெகு அருகில் போய் நிற்பாள். தலையைச் சொறிவாள்.

"எனக்குப் பிடிபடலையே. மூணா, நாலா? கண்ணு வேற மங்கிப்போச்சு."

"மூணு, அக்கா! மூணு!"

கூரைத் தகரம் அதிரும். நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். கூட்டல், கழித்தல், பள்ளி மொழி எழுத்துகள் எல்லாவற்றையும் நாங்கள் இப்படித்தான் பெரியம்மாவுக்குச் 'சொல்லிக் கொடுத்து' படித்தோம்.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் சித்தி வந்தாள். பெரியம்மா மூத்தவள், என் அம்மா நடு, சித்தி கடைக்குட்டி. அவளை மிகச் சின்ன வயதிலேயே நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். இப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தாள். சின்ன வகுப்புகளை எங்கள் மொழியிலேயே நடத்துவது என்று மேலே முடிவாகியிருந்தது. ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பது, சரியாக வந்தால் தொடர்வது. நம்ம வீட்டுப் பொண்ணு டீச்சரா வந்துட்டா என்று எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. அவள் உட்காரப்போகும் நாற்காலியைப் பெரியம்மாவே ஈரத்துணி போட்டுத் துடைத்தாள்.

ஆனால் பாடமே எங்கள் மொழியில் என்றான பிறகு பெரியம்மா எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? சிவப்பு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சித்தியின் பேச்சு அவள் விடுதிக்குப் போன வயதிலேயே நின்றுபோயிருந்தது. கை, கால், பசி, தூக்கம். அதற்கு மேல் போனால் தடுமாறுவாள். முதல் நாளே கதவின் கீலைத் தொட்டுக்காட்டி, "இதுக்கு நம்ம பேச்சுல என்ன? எனக்கு மறந்துபோச்சு" என்றாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். அதில் நடிப்பே இல்லை. வார்த்தையைக் கத்தினோம். அவள் தப்பாகச் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தோம். "இதுகூடவா தெரியாது?" என்று கேட்டுக்கொண்டே அவளைச் சுற்றி மொய்த்தோம். நாங்கள் கொடுத்த ஒவ்வொரு வார்த்தைக்கும் பதிலுக்கு அவள் பள்ளி மொழியில் ஒன்று கொடுத்தாள். கணக்கும் நடுவே எப்படியோ ஓடியது.

ஒரு காலை வேளை. பெரியம்மா வராந்தாவில் நின்றிருந்தாள். "தெரியாதக்கா வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே திரும்பினாள். பிள்ளைகள் அவளைத் தாண்டி, கேட்டில் வந்துகொண்டிருந்த சித்தியிடம் ஓடினார்கள்.

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டு அடுக்களையில் பெரியம்மாவின் குரல் அடங்கவே இல்லை.

"நான் இத்தனை வருஷமா தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு வாங்குன பேருடி. அவளுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல. பேரைத் தட்டிட்டுப் போயிட்டா."

"உன் தங்கச்சிதானேக்கா" என்றாள் அம்மா.

"இருக்கட்டுமே. என் பழைய சட்டையெல்லாம் போட்டு வளந்தவதானே? நான் கழட்டிப் போட்டதைத்தான் எடுத்துக்கணும். போட்டுட்டிருக்கறதையா உருவுறது?"

அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தையைத் தப்பா சொல்றா, புள்ளைங்க அப்படியே அவ மடியில போய் விழுதுங்க. எனக்கும்தான் ஆசையா இருக்கு, ஒரு நாளாவது ஒண்ணும் தெரியாம இருக்கணும்னு. எங்க முடியுது!"

அதற்குப் பிறகு ஒரு மழை நாள். மழை விட்டபின்னும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீருக்கு எங்கள் மொழியில் தனியாக ஒரு வார்த்தை உண்டு. சித்தி ஜன்னலுக்கு வெளியே காட்டி அதைக் கேட்டாள். யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று அந்த வார்த்தையை உரக்கச் சொல்லிவிட்டாள்.

"அட, அக்கா!" சித்திக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பக்கம் திரும்பினாள். "அக்காவுக்கு எல்லாம் தெரியும், தெரியுமா? வீட்டுல எங்க மூணு பேர்ல கணக்குலயும் அவதான் கெட்டி."

முன்வரிசையில் இருந்த குட்டைப் பின்னல்காரி மெல்லக் கேட்டாள்: "அப்ப மூணு மாடுன்னும் தெரியுமா?"

பெரியம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்களைக் கேட்டீங்களா?"

அன்றிலிருந்து பெரியம்மா எது கேட்டாலும் வகுப்பு வாயைத் திறக்கவில்லை. "வேணும்னே போட்டுக் குடுத்துட்டா" என்று அம்மாவிடம் வந்து குமுறினாள். சித்தி பாவம், பாராட்டுவதாகத்தான் நினைத்திருந்தாள். அது பெரியம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

வருஷக் கடைசியில், எங்கள் வகுப்பறையிலேயே பெற்றோர் கூட்டம் நடத்த, கல்வி அதிகாரி வந்தார். பெற்றோர்கள் கேட்டால் எங்கள் மொழி வகுப்பு நிலைக்கும், சித்தியின் வேலையும் நிலைக்கும். பெரியம்மாவின் நாற்காலிக்கு அங்கே வேலை இருக்காது. கேட்காவிட்டால் பழையபடி வெளியூர் டீச்சர், பழையபடி பெரியம்மா. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"அக்கா, நீ எடுத்துப் பேசேன். எனக்கு அவ்வளவு கோவையா வராது" என்று சித்தி கூட்டத்துக்கு முன்னால் வந்து கேட்டாள்.

"டீச்சர் நீதானே" என்றாள் பெரியம்மா.

அதிகாரி நல்ல மனுஷர். பிள்ளைகள் முன்னைவிட வேகமாக வாசிக்கிறார்கள், பள்ளிக்கு வராமல் நின்றவர்கள்கூடத் திரும்ப வருகிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னார். சித்தி அதை எங்கள் மொழியில் திக்கித் திக்கிச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்த வகுப்பு உங்க பிள்ளைகளுக்கு நல்லதா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

இப்போதுதானே நல்லது என்று அவரே சொன்னார்! ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மர லாரி ஓட்டும் என் அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். சித்தியும் அதையே கேட்டுப் பார்த்தாள். அவளுக்கும் விடை தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் முகம் வெளிறிப்போனது. கடைசியில் சிவப்பு நாற்காலியைப் பார்த்தாள்.

பெரியம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "விருப்பம் இல்லாதவங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்லயும் உங்க பேச்சுதான். அவங்க இந்த டீச்சரைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க அனுப்பிடலாம்."

செருப்பு வாரிலிருந்து பெரியம்மாவின் கை நின்றது.

"யாருக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து..."

"அவங்களுக்கா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பெரியம்மா எங்கள் பக்கம் திரும்பி எங்கள் மொழியில் வெடித்தாள்.

"ரோடு அவங்களுக்குத்தான் முதல்ல வந்துச்சு. கரண்டு அவங்களுக்கு. ஆஸ்பத்திரி அவங்களுக்கு. இப்ப நம்ம வீட்டுப் பொண்ணையும் தூக்கிக் குடுக்கணுமா? இவளைத் திட்டறதா இருந்தாலும் நாமதான் திட்டணும்!" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "நிஜமாவே தெரியாமத்தான் கேக்குறேன். இவ ஆத்தைத் தாண்டிப் போயிட்டா நம்ம புள்ளைங்க யார்கிட்ட போய் உக்காரும்?"

அதற்கு விடை யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் பேசினார்கள்.

"மழை பேஞ்சா லீவு போடற டீச்சருங்ககிட்டயா?" என்றார் அப்பா.

"என் பையன் இப்பதான் அழாம எந்திரிக்கிறான். அதையும் கெடுத்துடாதீங்க."

"என் பொண்ணு எனக்கே எழுத்து காட்டுது. நான்தான் முழிக்கிறேன். எங்களுக்கும் யாராவது சொல்லிக் குடுத்தா என்ன?"

இரைச்சலில் சித்திக்குப் பாதி பிடிபடவில்லை. பெரியம்மாதான் ஒவ்வொன்றையும் அதிகாரிக்குப் பள்ளி மொழியில் எடுத்துச் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி அப்பா சொன்ன ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள்.

வகுப்பு நிலைத்தது. மறுநாளே சிவப்பு நாற்காலி வராந்தாவுக்கு வந்தது. மத்தியானங்களில் அம்மாமார்கள் அங்கே பெரியம்மாவிடம் எழுத்துப் படிக்க வந்தார்கள். பெரியம்மா அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ள இடமில்லைன்னு வெளிய தள்ளிட்டா" என்றுதான் அம்மாவிடம் சொன்னாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் குட்டைப் பின்னல்காரி வராந்தாவில் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து நிஜமாவே தெரியாமத்தான் கேட்டீங்களா?"

"ஆமாடி."

பின்னல்காரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து யாரோ "தெரியாதக்கா!" என்று கத்த, உள்ளே சித்தியும் வெளியே பெரியம்மாவும் ஒரே குரலில் "என்ன?" என்றார்கள்.

"யாரைக் கூப்பிட்டாங்க?" என்றாள் பின்னல்காரி.

"உள்ள போய்ச் சொல்லு" என்றாள் பெரியம்மா. "அவ சின்னத் தெரியாதக்கா. கூப்பிடும்போது சின்னன்னு சேத்துச் சொல்லணும். மறந்துடாத."