களத்தில் கிடந்த மிளகாய்ப் பெண்

உச்சிப்புளிக்கு மேற்கே மிளகாய் போட்டிருக்கும் வேல்சாமிக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல நா எழாது. டிராக்டர் கேட்டால் டிராக்டர், விசேஷத்துக்குக் கேட்டால் தார்ப்பாய். அப்படித்தான் சென்னையிலிருந்து வந்த ஓவியர் உமாமகேஸ்வரிக்குத் தன் சிமெண்டுக் களத்தையும், காய்ந்த குண்டு மிளகாயையும் கொடுத்தார். கோலம் மாதிரி ஏதோ போடப்போகிறது அந்தப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

போய்ப் பார்த்தால் களம் முழுக்க ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். எல்லாம் மிளகாய். உடம்பில் துணியில்லை. பிள்ளை பெற்றுச் சரிந்த வயிறு, அதில் வரிவரியாகத் தழும்பு.

"என்னம்மா இது?"

"பிள்ளை பெத்த உடம்பு அங்கிள். இதை வரைஞ்சா எல்லாருக்கும் கோவம் வருது. வரட்டும்னுதான் போட்டேன்."

வந்தது. பங்காளி காளிராஜ் வாசலில் நின்று கத்தினான். "பொம்பளப்புள்ளய வீட்டுல வச்சிக்கிட்டு, களத்துல அம்மணமா ஒருத்தியப் போட்டு வச்சிருக்கீரு. வெக்கமா இல்ல?"

வேல்சாமிக்கு அவனைவிட மறுநாளை நினைத்துத்தான் பயம். மகள் யுவராணிக்குப் பரமக்குடியிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். வீட்டுக்கு வரும் பாதை களத்தை ஒட்டித்தான். பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டால்? அழித்துவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, சோறும் இறங்கவில்லை.

சாயங்காலம் வானம் கறுத்தது. களத்தில் மிளகாய் கிடக்கும்போது மழை வந்தால் யாருடையது என்று அந்தப் பக்கத்தில் பார்ப்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவனும் ஓடிவந்து அள்ளுவான். முதலில் வந்தது காளிராஜ்தான். பின்னாலேயே தெரு வந்தது. பலகையால் தள்ளி, கூடையில் வாரி, தூறல் வலுப்பதற்குள் அத்தனையையும் கொட்டகையில் சேர்த்துவிட்டார்கள். களம் வெறிச்சென்று கிடந்தது.

உமாமகேஸ்வரி கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேல்சாமி முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள் காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் களத்தைப் பார்த்தாள்.

"எங்கண்ணே அந்த மிளகாப் பொம்பள?"

வேல்சாமிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "மழை வந்துச்சு. அள்ளிட்டோம்."

"அடடா. யாரோ படம் புடிச்சுப் போட்டிருந்தாகளாம், மகன் போன்ல காட்டுனான். மூணு புள்ள பெத்தவண்ணே நான். குளிக்கையில என் வயித்த நானே குனிஞ்சு பாக்க மாட்டேன். அதப் பாத்ததும் அப்படியே என் வயிறு. நேர்ல பாக்கணும்னு வெள்ளனமே கிளம்பி வந்தேன்."

வேல்சாமிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் மனைவி சுகந்தி சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் மூடிக்கொள்கிறாள் என்பதை அவர் அன்றுதான் கவனித்தார்.

பூ வைத்து முடிந்தபோது வெயில் ஏறி, களம் காய்ந்திருந்தது. வேல்சாமி தானே கொட்டகையைத் திறந்து ஒரு கூடை மிளகாயைச் சுமந்துவந்து உமாமகேஸ்வரியின் முன்னால் இறக்கினார்.

"சம்பந்தியம்மா கிளம்புறதுக்குள்ள வயித்தையாச்சும் போட்டுரு ஆத்தா."