சாய்கோடுகள் மறைந்த மதியம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் லிஃப்டுக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள். பழைய ப்ரோக்ராம் ஒன்றைத் தூசி தட்டி, அன்று காலைதான் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏற்றியிருந்தோம். நான் சேமிப்பதெல்லாம் உடனே லிஃப்டுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது மாடியில் நான் மட்டும். ஆறாவது மாடியில், சோதனைப் பிரிவில், என் மனைவி.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். வேண்டாத வரிகளை அழிக்க மனசே வராது. வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். வரி மட்டும் பிணம் மாதிரி அங்கேயே கிடக்கும்.

"எல்லாத்தையும் தூக்கிடுப்பா. பழசு வேணும்னா கிட்ல இருக்கு" என்றிருந்தார் மேனேஜர். யார், எந்த நிமிடம், எதை மாற்றினார் என்று கிட் என்கிற அந்த மென்பொருள் குறித்து வைத்துக்கொள்ளும்.

மதியம் 2.10. கதவு பற்றிய பகுதியில் பன்னிரண்டு வரிகள் சாய்கோடு போட்டுக் கிடந்தன. படிக்காமலே அழித்தேன். சேமித்தேன்.

2.16. பன்னிரண்டும் அங்கேயே இருந்தன. சாப்பிட்ட மயக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி அழித்தேன்.

2.19. மறுபடி இருந்தன. ஆனால் முதல் வரியில் சாய்கோடு இல்லை.

டக்.

பின்னால் காலி மேஜையிலிருந்து கீபோர்டு சத்தம். இரண்டாவது வரியின் சாய்கோடும் போனது.

போன் அடித்தது. மனைவி.

"முடிச்சுட்டேன். லிஃப்ட்ல கீழ வரேன், கிளம்பலாம்."

அப்போதுதான் அந்த வரிகளைப் படித்தேன். லிஃப்ட் பெட்டி வந்து நிற்காமல் கதவு திறக்கக் கூடாது. அந்தக் கட்டளையைத்தான் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். நானோ அடியோடு அழிக்கப் பார்த்தேன்...

"ஏறாதே!" கத்தினேன். லைன் கட்.

டக்... டக்... ஏழாவது வரி... எட்டாவது வரி...

எழுந்திருக்கவே முடியவில்லை.

டக்.

பன்னிரண்டு.

2.21. 'சேமிக்கப்பட்டது' என்றது திரை. நான் எதையும் தொடவில்லை.

படியேறி ஓடினேன். அவள் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கதவு பாதி திறந்துச்சு... உள்ள பெட்டியே இல்ல, ஒரே இருட்டு. கால வச்சிருப்பேன். உள்ளேர்ந்து ஒரு கை வந்து கதவ இழுத்துச் சாத்துச்சுங்க."

மறுநாள் மேனேஜரிடம் கிட் பதிவைக் காட்டினேன். 2.21. எனக்குத் தெரியாத ஒரு பெயர்.

அவர் முகம் வெளுத்தது. எட்டு வருடத்துக்கு முன், சோதனைக்காக அந்த வரிகளை நிறுத்தி வைத்தவராம். அடுத்த நாளே, அதே ஆறாவது மாடியில், திறந்த கதவுக்குள் காலெடுத்து வைத்தவராம்.

"அவருக்கு கிட்ல அக்கவுண்டே கிடையாதுப்பா" என்றார் மெதுவாக. "அவரு செத்த பிறகுதான் நாம கிட்டுக்கே மாறினோம்."