நீத்தார் வாளியில் மூன்று குச்சிகள்

நீவெஸுக்கு அந்த வாரம் ஒரே கவலைதான்: பனிக்காலத்துக்கு எந்தத் தூள்குச்சி வாங்குவது? மரத்தூளை இறுக்கி விரல்நுனி அளவில் செய்த அந்தக் குச்சிகளைத்தான் கார்னியா மலையில் வீட்டுக்கு வீடு அடுப்பு தின்கிறது. அவள் புருஷன் தார்ச்சீசியோவுக்கு நெஞ்சு நைந்துபோய், படுக்கையை விட்டு எழ முடியாது. புகையும் ஆகாது, குளிரும் ஆகாது. ஒரு ராத்திரி அடுப்பு அணைந்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கடைக்கார எர்மெஸ் மூன்று பை கொடுத்தான். கரடிப் படம் போட்டது ஒன்று, சேவல் படம் ஒன்று, ஊர் ஆலைப் பை ஒன்று.

"தண்ணியில போட்டுப் பாருங்க அக்கா. நல்லது கல்லாட்டம் முங்கும். மட்டமானது நம்ம ஊர்த்தலைவராட்டம் மேலேயே மிதக்கும்."

கரடி அடுப்புக் கதவின் கண்ணாடியைக் கரியாக்கியது. சேவல் சாம்பலைக் கட்டியாக்கியது. ஊர்ப் பையை அவள் பிரிக்கவே இல்லை. போன வருஷப் புயல் சாய்த்த மரங்களின் தூள் அது. அந்தச் சரிவில்தான் அவள் தம்பி எல்வியோ மரத்தோடு மரமாகப் போனான், உடல் கிடைக்கவில்லை.

"மூணு பையை வச்சுக்கிட்டு மாப்பிள்ளை பாக்குறியாக்கும்!" என்று இருமிக்கொண்டே சிரித்தார் தார்ச்சீசியோ.

நீத்தார் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், வழக்கப்படி, தாகத்தோடு வரும் ஆத்துமாக்களுக்காக வாளி நிறையத் தண்ணீர் வைத்து விளக்கேற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஊர்ப் பையின் மூலையை லேசாகக் கிழித்து, மூன்று பையிலிருந்தும் ஒவ்வொரு குச்சி எடுத்து அந்த வாளியிலேயே போட்டுவிட்டாள். ஊர்க்குச்சி கல்லாட்டம் முங்கியது. செத்தவர்கள் தண்ணீரில் கைவைத்துவிட்டோமே என்று அப்புறந்தான் உறைத்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். அடுப்பில் சேவலையே நிரப்பிவிட்டுப் படுத்தாள்.

விடியலில் இருமல் கேட்கவில்லை. பதறி ஓடினாள். அறை வெதுவெதுவென்றிருந்தது. கண்ணாடி பளிச்சென்று, உள்ளே தீ நின்று எரிந்தது. ஊர்ப் பை வாய் பிளந்து பாதி காலி. சேவலின் சாம்பல்கட்டியை யாரோ வழித்து அடுப்புக்கு முன்னிருந்த தகட்டில் வைத்திருந்தார்கள். வாளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் ஊறிய தூள் இரண்டு குவியல்தான். மூன்றாவதான ஊர்க்குச்சியைக் காணோம். வாளியிலிருந்து அடுப்புவரை ஈரக் காலடி. வாசலுக்குத் திரும்பிய அடி ஒன்றுகூட இல்லை.

தார்ச்சீசியோ தலையணையில் சாய்ந்து, நோகாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி மாறவே மாட்டான் நீவெஸ். பூட்ஸக் கழட்டாமலே உள்ள வர்றான்."

"என்னங்க சொன்னான்?"

"பேசல. சேவல் அணைஞ்சு போச்சு, எனக்கு உதறல் எடுத்துச்சு. அவன் வந்து பையத் தூக்கிக் கொட்டினான், தண்ணி குடிச்சான். அவ்வளவுதான்."

கல்லறைப் பூசை முடிந்ததும் அவள் நேரே கடைக்குப் போனாள். "ஊர்ப் பையே போடுங்க."

"நாந்தான் சொன்னேன்ல! தண்ணியில முங்குச்சா அக்கா?"

"தண்ணியே மிச்சமில்ல, எர்மெஸ்."

அன்று முதல் பனிக்காலம் முடியும்வரை, அடுப்புக்குக் குச்சி நிரப்பும் கையோடு வாளியையும் நிரப்பி வைத்தாள். காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.