கொள்ளைக்காரனுக்குக் கஞ்சி

நூற்பாலையில் ஸ்பின்னிங் பகுதிக்குள் நுழைந்தால் முதலில் காது போய்விடும். இயந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். சேர்ந்த புதிதில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகு, தூரத்தில் நிற்பவளின் மாமியார் சண்டைகூட ஒரு சொல் விடாமல் எனக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன்.

எனக்குக் கொள்ளைக்காரன் கதை என்றால் உயிர். இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுக்கிறவன் அட்டையில் இருந்தால் போதும், வாடகை நூல் நிலையத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுக்காமல் வரமாட்டேன். ஆனால் புத்தகத்துக் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சு. மீசை, குதிரை, கடைசி அத்தியாயத்தில் ஜமீன்தாரின் மகள். எனக்குப் பிடித்தவன் எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டில் வருகிற ஒருத்தன். அய்யனார் கோவிலுக்கு மேலே மலையில் இருந்தவன். பஞ்சத்தில் ஜமீனின் நெல் வண்டிகளை மறித்து ஊருக்குப் பங்கிட்டவன். அவனைப் பிடிக்க வருகிறவர்களோடு அவன் நேருக்கு நேர் மோதவே மாட்டான். அவர்கள் குதிரைக்கு வைத்திருக்கும் புல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். குதிரை படுத்துவிட்டால் படை திரும்பித்தானே ஆகவேண்டும்? அவனுடைய ஆட்களுக்குத் தனக்கு முன்னால் நடப்பவனையும் பின்னால் நடப்பவனையும் மட்டும்தான் தெரியும். ஒருத்தன் பிடிபட்டாலும் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். அடிவாரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவனுக்குக் கஞ்சி உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் இதைத் தவணை முறையில் சொல்வேன். எங்களில் மூத்தவளான ஓர் அக்காதான் அதிகம் நச்சரிப்பாள். "பொறவு என்ன ஆனான்ட்டி? சொல்லிட்டுப் போயேன்!" சங்கு ஊதிவிட்டது என்று எழுந்துவிடுவேன். முடிவை மட்டும் நான் சொன்னதே இல்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்காது.

அந்த அக்காவைத்தான் ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாக வந்த பெண்ணொருத்தியின் சடை இயந்திரப் பல்லில் சிக்கியபோது, அக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். பெண்ணின் தலை தப்பியது. பகுதி மொத்தமும் நின்று நூல் வீணானது. தன்னைக் கேட்காமல் வேண்டுமென்றே நிறுத்தினாள் என்று மேஸ்திரி மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். புருஷன் விட்டுப்போனவள், இரண்டு பிள்ளைகள், வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஆள் அவள் ஒருத்திதான். தினமும் வந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். தொழிற்சங்கத்துக்காரர்களிடம் போனோம். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஸ்திரியின் விசிலைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன்.

அதற்குப் பதிலாக, எனக்கு முன்னால் நிற்பவளிடமும் பின்னால் நிற்பவளிடமும் உதட்டால் சொன்னேன். "குதிரைக்குப் புல்லை எடுத்துருவோம்."

கதை கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போடுவோம் அல்லவா, அன்றிலிருந்து நடந்துபோய்ப் போட்டோம். ஒருத்தியும் வேலையை நிறுத்தவில்லை, ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. நூல் மட்டும் பாதியாகக் குறைந்தது. யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் நிற்பவளைத்தான் தெரியும். ஆரம்பித்தவள் நான்தான் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். மரத்தடியில் அவள் அழுதபோது நானே சொல்லியிருந்தேன்.

நூல் ஏற்றவேண்டிய லாரி வெறுமனே வாசலில் நிற்க ஆரம்பித்ததும், மேனேஜர் எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். அவருடைய அறை எங்கள் பகுதியின் கோடியில் இருந்தது. நடுவில் பெரிய கண்ணாடித் தடுப்பு. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"உக்காரும்மா. அய்யனார் கோவிலுக்கு மேல ஒரு கொள்ளைக்காரன் இருந்தானே, அவன் கதை தெரியுமா?"

யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். "தெரியாது சார்."

"எனக்குச் சொந்த ஊரு வத்திராயிருப்பு. சின்ன வயசுல கேட்டது. போன மாசம் மதுரையில மேனேஜர்களுக்கு ஒரு ட்ரெய்னிங். நிர்வாகம் பண்றதுக்கு உதாரணம் சொல்லுங்கன்னாங்க. நான் இதைத்தான் சொன்னேன். கை தட்டுனாங்கம்மா!" மேஜையில் சாய்ந்துகொண்டார். "அவனைப் பிடிக்க முடியலைன்னதும் ஜமீன்ல என்ன பண்ணுனாங்க தெரியுமா? அவனையே அந்த மலைக்குக் காவல்காரனாப் போட்டாங்க. குதிரை குடுத்தாங்க, நிலம் குடுத்தாங்க. அவன் ஆளுகளை அவனே பிடிச்சுக் குடுத்தான். கெட்டிக்காரன் எதிர்ப்பக்கம் இருந்தா நம்ம பக்கம் எடுத்துக்கணும். அம்புட்டுதான் விஷயம்."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. பெருமைக்குச் சொல்கிறார்.

"பொம்பளைகளுக்குன்னு ஒரு மேஸ்திரி போடப்போறோம். இதை ஆரம்பிச்சது யாருன்னு சொல்லு. அந்த வேலை உனக்கு."

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்று எழுந்து வந்தேன்.

நான் ஒளித்துவைத்திருந்த முடிவு அதுதான். ஆனால் அவரும் தனக்கு வேண்டிய இடத்தில் கதையைக் கத்தரித்திருந்தார். பாட்டு அங்கே முடியாது. காவல்காரனான பிறகு அவன் ஒருநாள் பசியோடு அடிவாரத்துக்கு வருவான். பழைய வீடுகளின் கதவைத் தட்டுவான். யாரும் திட்டமாட்டார்கள், கல்லெறியமாட்டார்கள். கதவுதான் திறக்காது. அந்த இடத்தில் வில்லுக்காரர் உடுக்கையை நிறுத்திவிடுவார்.

இடத்துக்கு வந்ததும் முன்னால் நிற்பவளுக்கும் பின்னால் நிற்பவளுக்கும் மிச்சக் கதை முழுவதையும் சொன்னேன். அது இரண்டு பக்கமும் ஓடியது. அதற்குள் அடுத்தவளை அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தியும் உதட்டை அசைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இழையை முடிந்தார்கள். எங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு இப்போது என்னையே கொன்றது. பக்கத்தில் நிற்பவளை மட்டும் தெரிந்துவைத்திருந்தால், தூரத்தில் நிற்பவள் வாயைத் திறந்துவிட்டாளா என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி வேலை என்றால் எந்த வீட்டில்தான் வேண்டாம் என்பார்கள்? எல்லோர்மேலும் சந்தேகம் வந்தது. அப்படிச் சந்தேகப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலாக வந்தது.

கடைசியில் வாசலிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அவள் எங்கள் நடுவே நீள நடந்து வந்தாள். அவள் கடக்கக் கடக்க இரண்டு பக்கமும் உதடுகள் அசைந்தன. ஒருத்தி குதிரை என்றாள், ஒருத்தி காவல் என்றாள், ஒருத்தி கதவு என்றாள். இத்தனை நாள் அவள் கேட்ட முடிவு துண்டு துண்டாக அவளிடம் போனது. அவளுக்குப் புரிந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. என்னைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

மேனேஜர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அவர் சொல்வது எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்வது மட்டும் தெரிந்தது.

"தெரியும் சார்" என்றாள்.

எது தெரியும்? கதையா, நானா?

அவர் நெடுநேரம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "வேலையும் திரும்பக் கிடைக்கும், மேஸ்திரியும் ஆக்குவியளா?" என்றாள். அவர் தலை ஆடியது. அக்கா கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தாள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"குதிரை குடுத்தாவ, நெலம் குடுத்தாவ. பொறவு அவனுக்குக் கஞ்சி யாரு சார் ஊத்துனா?"

அவர் மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கையில் வேலையோடு அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியும் என் பெயரைச் சொல்லவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கதையைக் கேட்டு மனம் மாறினார் என்று எழுத எனக்கு ஆசைதான். வாசலில் நின்ற லாரிதான் காரணமாக இருக்கும். அறைக் கதவைத் திறந்து அக்காவை வெளியே அனுப்பும்போது அவர் ஏதோ சொன்னார். சத்தத்தில் அக்காவுக்கே கேட்டிருக்காது. ஆனால் எங்கள் வரிசை முழுவதும் அவர் உதட்டைப் படித்துவிட்டது.

"நாளைக்கு வேலைக்கு வா."

அக்கா நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "இம்புட்டு நாளா அந்த முடிவை ஏன்ட்டி மறைச்ச?" என்று உதட்டால் கேட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தூக்குச்சட்டியில கஞ்சி இருக்கா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

இருந்தது. அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.