பயற்றுப் பையும் ஓட்டு வரிசையும்

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பொருள்கள் பறக்கத் தொடங்கின. அதுவரை அங்கே பறந்தவை இரண்டுதான்: ஒன்று காக்கை, மற்றொன்று சுண்ணாம்புத் துண்டு. பெரிய வாத்தியாரின் கையிலிருந்து கிளம்பும் துண்டு, தூங்குகிறவன் நெற்றியில் போய் இறங்கும். அதைக் கையால் பிடிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

பிறகு டீச்சரம்மா வந்தார். எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டுக் கழுத்தில் ஒரு விசிலோடும் கையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடும் வந்தார். புத்தகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு, கைகளைக் குவித்து, வானத்தைப் பார்த்து நின்றார்கள். எதையோ யாரோ மேலேயிருந்து தருவதாக ஒப்புக்கொண்ட மாதிரி அப்படி ஒரு நம்பிக்கை அந்த முகங்களில். வீசுவதும் பிடிப்பதும் இனி உங்களுக்கு ஒரு பாடம் என்றார் டீச்சரம்மா. நாங்கள் சிரித்தோம். விசில் ஊதினார். சிரிப்பு நின்றது.

பந்து வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வசதி இல்லை. ஆளுக்கொரு பை தைத்துக்கொண்டு வரச் சொன்னார். உள்ளங்கை அளவு, கெட்டித் துணி, உள்ளே பச்சைப் பயறு. பந்து என்றால் உருண்டு சாக்கடைக்குப் போய்விடும், பை விழுந்த இடத்திலேயே கிடக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் நல்லது என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தின்கிற பண்டத்தைத் தூக்கிப் போட்டு விளையாடுவதற்கா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்று இரண்டு நாள் பயற்று டின்னைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் டின்னின் அடியில் கையை விட்டுப் பூச்சி அரித்த பயறாகப் பார்த்துத் தேடி எடுத்தாள்.

"இது பூச்சி தின்ன பயறு. இதத் தூக்கிப் போட்டா பாவம் பூச்சிக்குத்தான்" என்றாள்.

கோதுமை மாவுச் சாக்கின் வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகளின் பைகள் பழைய கைலியிலும் தலையணை உறையிலும் பாய்மரத் துணியிலும் வந்தன. எந்த வீட்டில் எது கிழிந்துபோயிற்று என்பது ஒரே காலையில் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் தன் பையை மழையில் மறந்து வைத்துவிட்டு மூன்றாம் நாள் எடுத்து வந்தான். தையல் வழியே வெள்ளை முளைகள் எட்டிப் பார்த்தன. டீச்சரம்மா அன்றைக்கு விசிலைக் கழற்றி வைத்துவிட்டு இயற்கைப் பாடம் நடத்தினார்.

விதிகள் ஐந்து. கால்கள் தோள் அகலம் விலகியிருக்க வேண்டும். கைகள் கிண்ணமாகக் குவிந்திருக்க வேண்டும். பை வந்து விழும்போது, குழந்தையை வாங்குகிற மாதிரி, கொஞ்சம் பின்னுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். கண் பையின் மேல் இருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். பேச்சு போகிற பக்கம் கண்ணும் போய்விடும் என்பார் டீச்சரம்மா. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: பாவாடையை விரித்துப் பிடிக்கக் கூடாது. எங்களுக்கு அதுதான் சுலபமாக வந்தது, அதனால்தான் தடை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் வாரம் என் பை தரையைத்தான் அதிகம் தொட்டது. இரண்டாம் வாரம் கை எதையோ புரிந்துகொண்டது. தலைக்கு எதுவும் தெரியாது. மூன்றாம் வாரம் என்னை ஒரு வரிசைக்குத் தலைவியாகப் போட்டார்கள். தலைமை ஒரு கெட்ட பழக்கம். வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அம்மா, அம்மாவின் தம்பி. அப்பா பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு தடவை மூட்டையோடும் வாசனையோடும் வந்து போவார். மற்ற நாட்களில் அடுப்பு எரிந்தது மாமாவால்தான். மாமா கடற்கரையில் ஓட்டு வரிசையில் நின்றார்.

கூரை ஓடுகள் தொங்கானில் வந்து இறங்கும். அந்தப் பெரிய சரக்குப் படகிலிருந்து சரக்கு வைக்கிற கிட்டங்கி வாசல் வரைக்கும் பத்துப் பேர் கை எட்டாத தூரத்தில் வரிசையாக நிற்பார்கள். ஓடு நடந்து போகாது, பறந்து போகும். ஒருவர் வீசுவார், அடுத்தவர் பிடித்து, அந்த வேகத்திலேயே திரும்பி வீசுவார். மாமா ஏழாவது ஆள். ஓட்டை உடைத்தவனுக்கு மண்டோர் இரண்டு தடவை பொறுப்பார். வேலை வாங்குகிற அவருக்கு மூன்றாவது ஓடு உடைந்தால் போதும், ஆளை மூட்டைப் பக்கம் அனுப்பிவிடுவார். மாமாவுக்கு மூட்டை தூக்கி ஒருமுறை இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுபடி தூக்க முடியாது. ஆகவே வரிசையை விட்டுப் போவது என்றால் கடற்கரையையே விட்டுப் போவதுதான்.

ஒரே வாரத்தில் மாமா இரண்டு ஓடு உடைத்துவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

நான் முடிவு செய்துவிட்டேன். மாமாவுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எங்கள் கடைவீட்டின் நடுவே வெயிலும் மழையும் இறங்குகிற சின்ன முற்றம் உண்டு. மாலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மாமா, கால அகட்டுங்க."

"அகட்டிட்டேன், டீச்சரம்மா."

"சிரிக்கக் கூடாது. வாய மூடணும்."

மூடினார். முதல் பை அவர் மார்பில் பட்டது. இரண்டாவது காதில். மூன்றாவது கையில் விழுந்தது. என்னைவிட அவர்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார்.

"நீங்க ஓடு பிடிக்கிற ஆளா மாமா?"

"ஓடு கனம்லா. வர்றது தெரியும். இது பூச்சி தின்ன பயறு, காத்துல வர்றதே தெரியல."

காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் விடவில்லை. கண்ணைப் பையில் வைக்கச் சொன்னால், அவர் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்ப்பார். எத்தனை தடவை சொன்னாலும் "வச்சுட்டேன்லா" என்பார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்காதே, அந்தக் கறுப்புக் கதவுக்கு முன்னால் நின்று போடு என்று ஒருநாள் கேட்டார். மாணவன் ஆசிரியரை நகரச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நகர்ந்தேன்.

அவருக்கு மதிப்பெண் போட வேண்டியிருந்ததால் ஒருநாள் எண்ணிக்கொண்டே வீசினேன். பாசாரில் தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தக் கணக்குத்தான் எனக்கும் பழக்கம். லாபம் என்று சொல்லி வீசினேன். பிடித்தார். ரெண்டு. பிடித்தார். மூணு, நாலு, அஞ்சு. பத்தில் எட்டு. வாயை மூடிக்கொண்டு விதிப்படி வீசியபோது பத்தில் இரண்டு.

"நீ சொல்லிக்கிட்டே போடு, புள்ள" என்றார்.

"டீச்சரம்மா சத்தம் கூடாதுன்னாங்க."

"உங்க டீச்சரம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ போடு."

ஐந்தாவது விதி பெரியவர்களுக்குக் கிடையாது போலும் என்று ஒதுக்கிவிட்டேன். தினமும் அரை மணி நேரம், தெருவில் விளக்கேற்றும் வரைக்கும், லாபத்தில் தொடங்கி ஐம்பது வரை. அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். பயறு வீணாகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது, ஆனால் விசாரிக்க நேரமில்லை, எண்ண வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் கடற்கரையிலும் எண்ணத் தொடங்கினார்கள். மாமாவுக்கு ஓடு வீசுகிற ஆறாவது ஆள்தான் அதை ஆரம்பித்தாராம். எதற்கடா இந்தச் சத்தம் என்று மண்டோர் கேட்க, கணக்குப் பிசகாமல் இருக்கும் என்று சொன்னாராம். நல்ல யோசனை என்று மண்டோர் விட்டுவிட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். மூன்றாவது ஓடு உடையவில்லை. குழம்பில் உப்பு அதன் அளவுக்குத் திரும்பியது. இவ்வளவும் என் வேலை என்று நான் தெரிந்துவைத்திருந்தேன். வேறு யாருக்கும் தெரியாததுதான் குறை.

பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு நாளில் அம்மா மாமாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாள். கப்பித்தான் பள்ளிவாசலைத் தாண்டி, வண்டிகளுக்கு நடுவே புகுந்து, கடற்கரைக்குப் போனேன். உச்சி வெயில். கடல் தகட்டைப் போல் கண்ணில் மின்னிக்கொண்டிருந்தது. தொங்கானிலிருந்து கிட்டங்கி வரைக்கும் பத்துப் பேர், பத்து முதுகுகள், ஒரே குரல். முப்பத்தஞ்சு என்ற சொல்லோடு ஒரு சிவப்பு ஓடு கிளம்பும், கைக்குக் கை தாவும், முப்பத்தாறு அதன் வாலைத் துரத்தும். மாமா கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்றார். கைகள் கிண்ணம். ஓடு வந்து விழும்போது கொஞ்சம் பின்னுக்கு வாங்கினார். முகம் மட்டும் கடல் பக்கம் சற்றே சாய்ந்திருந்தது, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

மண்டோர் ஒரு மரப்பெட்டியின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அவன் அக்கா மகளா? ஒம் மாமன் முன்னாடி ரெண்டு ஓட்ட ஒடச்சான். இப்பத் தேவல."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீயா? எங்க, என்ன சொல்லிக் குடுத்த, எனக்கும் சொல்லு."

கைகட்டி நின்று விதிகளை ஒப்பித்தேன். கால், கை. கண் என்று வந்தபோது நிறுத்தினேன். பொய் சொல்லக் கூடாது என்பதும் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம்.

"கண்ணுதான் மாமா வைக்க மாட்டாரு. எத்தன தடவ சொன்னாலும் பைய பாக்கவே மாட்டாரு. பாக்காமலே பிடிப்பாரு. எண்ணிக்கிட்டே போட்டா போதும், எல்லாத்தையும் பிடிச்சிருவாரு."

இதைவிடப் பெரிய புகழ்ச்சி எனக்குத் தெரியாது.

மண்டோரின் சிரிப்பு சிறிது நேரம் அங்கேயே கிடந்தது, எடுத்துப்போக மறந்த சாமான் போல. பிறகு பெட்டியிலிருந்து இறங்கினார். வரிசையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார், மறு கையின் விரலை உதட்டில் வைத்தார். நாற்பத்தொண்ணோடு குரல் அறுந்தது. வேலையை நிறுத்தாதே என்று கையால் காட்டினார். அடுத்த ஓடு சத்தமில்லாமல் கிளம்பியது. ஐந்து பேரின் கைகளைத் தாண்டி ஆறாவது ஆளிடம் வந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு நின்றார். மண்டோரைப் பார்த்தார். மண்டோர் தலையசைத்தார்.

வீசினார். நல்ல வீச்சு, குறை சொல்ல முடியாது. மாமாவின் கால்கள் சரியாக இருந்தன. கைகள் சரியாக இருந்தன. வாய்கூட மூடியிருந்தது. ஓடு அவருடைய இடது கைக்கு ஒரு சாண் வெளியே போய்க் கல்லில் விழுந்தது. சிவப்புத் தூள் கொஞ்சம் எழும்பி அடங்கியது. மாமாவின் கைகள் அப்புறமும் குவிந்தே இருந்தன.

"வெயில்லா, மண்டோர். கடல் கண்ணக் கூசுது" என்றார் ஆறாவது ஆள்.

மண்டோர் மாமாவிடம் போய் அவர் முகத்துக்கு நேரே கையை மெல்ல ஆட்டினார். ஈயை விரட்டுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் தன் குடையை மாமாவின் தலைக்கு மேல் பிடித்து, தோளை அணைத்து, நிழலுக்குக் கூட்டிவந்தார். எட்டாவது ஆள் ஓரடி முன்னே வந்து நின்றார். வரிசை மூடிக்கொண்டது. மறுபடி லாபத்திலிருந்து எண்ணினார்கள்.

மண்டோர் என் தலையில் கை வைத்தார். "பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்க" என்றார்.

அன்றைக்கு மாமா என்னோடேயே வீட்டுக்கு வந்தார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே போனேன். "பெலான் பெலான் போ புள்ள, என்ன அவசரம்" என்றார். பள்ளிவாசல் கிட்டே வந்தபோது கேட்டார்:

"மண்டோர்கிட்ட என்ன பேசிக்கிட்டிருந்த?"

"உங்களப் பத்தி நல்லதாச் சொன்னேன், மாமா."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"நல்லதுதான்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் யாராவது பயிற்சி செய்தீர்களா என்று டீச்சரம்மா கேட்டார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓடுகளை, எண்ணிக்கையை, மண்டோரின் பாராட்டை. வகுப்பு கைதட்டியது. டீச்சரம்மா தட்டவில்லை. விசிலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

"மாமா இன்னைக்கு வேலைக்குப் போனாராம்மா?"

"இல்ல, டீச்சரம்மா. இனிமே வர வேணாம்னு மண்டோர் சொல்லிட்டாரு."

"ஏன்னு தெரியுமா உனக்கு?"

இவ்வளவு சுலபமான கேள்வியை அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"எல்லாத்தையும் கத்துக்கிட்டாருல்ல, டீச்சரம்மா" என்றேன். "அதான்."