சுவருக்கு இரண்டு கையொப்பம்

தனியார் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஒரு பருவத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: இனி ஓவியத்தைக் காட்டித்தான் எழுத்தைச் சொல்லித்தர வேண்டும். கூடவே ஒரு படிவம். கலைப்படைப்பு எது, கலைஞர் யார், அவருடைய கையொப்பம். படிவம் நிறையாத கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. இதை யோசித்தவர் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றலாம் போலிருந்தது எனக்கு.

என் வகுப்பில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட மூத்தவர், ஜுரு என்ற ஊரில் கார் உதிரிப்பாகக் கடையில் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை இந்தத் தாளில் தவறிவிட்டார். மூன்றாவது முறையும் போனால் டிப்ளோமா அவ்வளவுதான். எதைக் கொடுத்தாலும் 'மிகவும் அழகாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது' என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்.

ஜார்ஜ்டவுன் சந்தொன்றில் இருக்கும் சுவரோவியத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போனேன். வரைந்தவர் படிவங்களில் கையொப்பம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். போனால், படம் எடுக்கச் சுற்றுலாக்காரர்கள் வரிசை சந்து முனை வரை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. எதிர்வீட்டின் வெறும் சுவரைக் காட்டி, "இதப் பாத்து எழுதுங்க. அழகுங்கிற வார்த்தையே வரக் கூடாது" என்றேன்.

பன்னிரண்டு பேர் அழுக்குச் சுவரை முறைத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஐந்தே நிமிடத்தில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை. ஒருவர் மனைவியை அந்தச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஓவியத்தின் முன்னால் கூட்டம் குறைந்ததும் என் மாணவர்கள் அங்கே ஓடிவிட்டார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

வீட்டுக்காரர் கைலியோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வெட்கப்பட்டு உள்ளே போய் வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு திரும்பினார்.

"நில்லுங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல" என்றார் அக்கா.

"அழுக்கு லா தங்கச்சி. இத்தன பேரு பாக்குறாங்க, மானம் போகுது."

"ரெண்டு வட்டம் இருக்கு பாருங்க. ஒண்ணு எண்ணெயா மினுமினுன்னு இருக்கு. இன்னொண்ணு காஞ்சு போச்சு. ரெண்டு பேரு நாற்காலி போட்டுத் தல சாஞ்ச எடம். ஒருத்தர் இப்ப வர்றதில்ல."

அவர் வாளியைக் கீழே வைத்தார். மினுமினுப்பது தன் தலை, காய்ந்தது தம்பி தலை என்றார். தம்பி ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "வாசல்ல கெரேத்தா நிப்பாட்டுறதுல வந்த சண்ட லா." கார் நிறுத்துகிற இடத்துக்காகப் பிரிந்திருக்கிறார்கள்.

அக்கா நான்கு பக்கம் எழுதினார். ஆனால் படிவத்தில் கலைஞராகக் கையொப்பம் போடச் சொன்னபோது வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். "நான் மட்டும் எப்படிப் போடுறது? பாதி அவன் தல." நானும் கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை.

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனார். தம்பி அங்கே காய்கறி விற்கிறார். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அவன் போட்டானா" என்று கேட்டாராம்.

"நீங்க போட்டாத்தான் போடுவாராம்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டிருக்கிறார். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது அண்ணன் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் கோழி கிறுக்குன மாதிரிதான் எழுதுறான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே தன் பெயரையும் போட்டார்.

நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. அக்கா தேறிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் மதிப்பீட்டாளர் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'கலைஞர்கள் இருவரும் இன்னும் சேர்ந்து இயங்குகிறார்களா என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. ஐந்து மதிப்பெண் குறைப்பு.'

சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொறைச்சது நாயந்தான் மிஸ். அத நான் ரெண்டு பேர்ட்டயும் கேட்டிருக்கணும்."