இடப்பக்கம் நிறமில்லை

ஸ்கேன் திரையில் வலது பக்கம் சிவப்பும் நீலமும் மினுங்கிக்கொண்டிருந்தன. இடது பக்கம் வெறும் சாம்பல். ரத்தம் ஓடுகிற இடத்தில்தான் நிறம் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. விதைப்பையின் மேல் தடவிய பசை சில்லென்றிருந்தது. கருவி லேசாகப் பட்டாலே உயிர் போனது. டாக்டரம்மா அந்தச் சாம்பல் பகுதிக்கே திரும்பத் திரும்ப வந்தார். கதவுக்கு வெளியே என் பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார். "அரியலூர் டவுன்ல ஒரு ஆம்பள டாக்டரு கூடவா இல்ல?"

அப்பா வளைகுடாவில் லாரி ஓட்டினார். உடையார்பாளையம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தவர் அப்பாவின் அண்ணன்தான். வயலில் என்ன போடுவது, அம்மா பிறந்த வீட்டுக்கு எப்போது போவது, நான் எங்கே படிப்பது, எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அப்பா சொன்னதால் மட்டும் பெரம்பலூரில் விடுதியில் தங்கி நான் பாலிடெக்னிக் படித்தேன்; அது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் வலியோடுதான் கண்விழித்தேன். அடிவயிறு வரை இழுத்தது. இடப்பக்கம் வீங்கி மேலேறியிருந்தது. அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவரிடம் சொன்னேன். அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் காதில் நிற்கிறது. "பெரம்பலூர்ல எவகிட்டடா போன?"

யாரிடமும் போகவில்லை என்றதற்கு ஓர் அறை விழுந்தது. பிறகு சூட்டு வலி என்று அவரே தீர்ப்புச் சொல்லி, நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் குளியலறையிலேயே சுருண்டு கிடந்து வாந்தி எடுத்தேன். அம்மா விஷயத்தை என் வாயிலிருந்து பிடுங்கினாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அதற்குள் வயலிலிருந்து திரும்பிய பெரியப்பா வாசலில் நின்று, வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும் என்று மறித்தார். அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அம்மா என்னைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றினாள். அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்குள் நாங்கள் நுழைவதற்கு முன்பே அவர் வண்டியில் வந்து சேர்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டார்.

"விதைக்கு ரத்தம் போற கொடி முறுக்கிக்கிச்சு. சுத்தமா ரத்தம் போகல. உடனே ஆபரேஷன் பண்ணணும். காலையில வந்த வலிக்கு இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"சூடுன்னு நெனச்சோம். கல்யாணம் ஆகாத பையன், அங்க போயி கத்தி வெக்கிறதா? நாளைக்கு வேற எடத்துல காட்டிக்கிறோம்."

"நாளைக்குப் போனா அங்க காட்ட ஒண்ணும் இருக்காது."

பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம்."

"அப்ப நீ சொல்லு."

"பண்ணிடுங்க" என்றேன். பெரியப்பாவின் சொல்லை மீறி நான் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டரம்மா அரசு மருத்துவமனைக்குப் போன் போட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் தயாராக இருக்கும்படி செய்தார். ஆனாலும் முறுக்கை அவிழ்த்துப் பார்த்தபோது இடது விதை கறுத்துச் செத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, வலது பக்கமும் முறுக்கிக்கொள்ளாதபடி தையல் போட்டார்கள். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வார்டில் வைத்தே சொன்னார். பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்தான். எனக்கு வந்த முதல் பெண் சம்பந்தத்தைக் கலைத்தவரும் அவரே. "பையனுக்குப் பாதிதான் இருக்குன்னு மறைக்கக் கூடாதுல்ல" என்று பெண் வீட்டில் போய் நியாயம் பேசினாராம். அடுத்த பெண்ணிடம் நானே சொன்னேன். ஒன்றே போதுமென்று டாக்டர் சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள்தான் என் மனைவி.

வயதானவரை மன்னித்துவிடு என்கிறார்கள் உறவினர்கள். அவர் அறியாமல் செய்தார் என்கிறார்கள். திரைக்கு முன்னால் நிறுத்தி, ரத்தம் ஓடவில்லை என்று சொன்ன பிறகும் நாளைக்கு என்றவரை அறியாதவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். பெரியப்பாவைக் கூப்பிடக் கூடாது என்றேன். அப்பாவின் பிடிவாதத்தால் வந்தார். பந்தியில் என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கு நான் மட்டும் இவன அரியலூருக்குத் தூக்கிட்டு ஓடலன்னா இந்தப் புள்ளயே இல்லீங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த அம்மா பெரியப்பாவின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"பொய் சொல்லாம சாப்புடுங்க மாமா" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.